ஃப்ளெட்சர் ஹெண்டர்சன்: நடனக்கூடத்தில் வளர்ந்த ஜாஸ் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் தெரியும், ட்யூக் எலிங்டன் தெரியும், பென்னி குட்மேன் பெயரும் எங்கேயாவது காதில் விழுந்திருக்கும். இவர்கள் வளர்ந்த காலத்தில் நியூயார்க்கில் முதல்தர நடன பேண்ட் ஒன்றை நடத்திய ஃப்ளெட்சர் ஹெண்டர்சனைப் பற்றிக் கேட்டால் பலரும் தயங்குவார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் பதிவு ஒன்றைத் தேடிப் போய்த்தான் நானும் இவரிடம் வந்து சேர்ந்தேன். அப்புறம் விட முடியவில்லை. நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இவர்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கத்பர்ட் என்ற சிற்றூரில் 1897 டிசம்பர் 18 அன்று பிறந்த கறுப்பினத்தவர். அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர், அம்மா பியானோ ஆசிரியை. ஆறு வயதில் பியானோவில் உட்கார வைத்தார்கள். பயிற்சி முடியும் வரை அறையைப் பூட்டி வைத்த கதையும் உண்டு. வீட்டில் கற்றுக்கொடுத்தது முழுக்க ஐரோப்பியச் செவ்வியல் இசை. கறுப்பினத்தவர் வளர்த்த ப்ளூஸ், ராக்டைம் எல்லாம் அந்த வீட்டு வாசலுக்குள் வரவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் எழுதிய இசையின் சுத்தத்துக்கும், ஆரம்ப காலப் பதிவுகளில் தெரியும் விறைப்புக்கும் இந்த வளர்ப்புதான் வேர்.

வேதியியல் படித்தவர் பேண்ட் தலைவர் ஆனது எப்படி?

அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, மேலே படிக்கும் எண்ணத்தோடு 1920இல் நியூயார்க் வந்தார். அந்தக் காலத்தில் கறுப்பின இளைஞர் ஒருவருக்கு வேதியியலில் வேலை கிடைப்பது மிகக் கடினம். பியானோ தெரிந்திருந்ததால் பேஸ் அண்ட் ஹேண்டி என்ற பாட்டு வெளியீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். கேட்டு வருபவர்களுக்குப் பாட்டை வாசித்துக் காட்டி அச்சிட்ட தாள்களை விற்க வைப்பது அங்கே அவர் வேலை.

அந்த நிறுவனத்தின் ஹேரி பேஸும் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். 1921இல் அவர் தனியாகப் பிரிந்து பிளாக் ஸ்வான் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பினத்தவரே நடத்தி, கறுப்பினக் கலைஞர்களைப் பதிவு செய்த நிறுவனம் அது. ஹெண்டர்சனை அங்கே இசைப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டார். பாடகருக்குப் பின்னால் வாசிப்பது, வாசிக்க ஆள் பிடிப்பது, பதிவு அறையில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. ஆய்வுக்கூடத்துக்குப் போக வந்தவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தங்கிவிட்டார்.

பிளாக் ஸ்வானில் என்ன நடந்தது?

நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் எதெல் வாட்டர்ஸ். 1921இல் அவர் பாடிய 'டவுன் ஹோம் ப்ளூஸ்' நன்றாக விற்றது. அவரை ஊர் ஊராக அழைத்துப் போய்ப் பாட வைத்த குழுவுக்கு ஹெண்டர்சன்தான் தலைவர்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றை வாட்டர்ஸ் தன் சுயசரிதையில் சொல்கிறார். ஹெண்டர்சனின் இடது கையில் ப்ளூஸுக்கு வேண்டிய அழுத்தமே இல்லை என்று அவருக்குக் குறை. ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசித்த பியானோ ரோல்களை வாங்கி வந்து, கேட்டுப் பழகச் சொன்னாராம். பியானோ ரோல் என்பது துளையிட்ட காகிதச் சுருள். தானே வாசிக்கும் பியானோவில் அதை ஓடவிட்டால் கட்டைகள் தாமாக அழுந்தும், அந்தக் கட்டைகளின் மேல் விரலை வைத்துப் பழகலாம். பட்டதாரி ஒருவர் ஒரு பாடகி சொன்னதைக் கேட்டு, அதுவரை வீட்டுக்குள் வராத இசையை அடியிலிருந்து கற்றுக்கொண்டார். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது இதைப் படித்தபோதுதான்.

அதே பயணத்தில் 1922இல் நியூ ஆர்லியன்ஸ் போனபோது ஓர் இளைஞர் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிப்பதைக் கேட்டு, தங்களோடு வரச் சொல்லி அழைத்தார். அந்த இளைஞர் வரவில்லை. பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

சொந்த பேண்ட் எப்போது உருவானது?

ஒரு நல்ல நாள் பார்த்துத் தொடங்கிய பேண்ட் இல்லை இது. பதிவுகளுக்காக அவர் அடிக்கடி கூப்பிட்ட ஆட்களே மெல்ல மெல்லக் குழுவாக இறுகினார்கள். 1924 தொடக்கத்தில் கிளப் அலபாம் என்ற இடத்தில் வேலை கிடைத்தது. படித்தவர், பார்க்கக் கண்ணியமானவர், பேச்சு மென்மையானவர் என்று மற்ற வாத்தியக்காரர்களே அவரைத் தலைவராக முன்னிறுத்தினார்கள் என்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் ரோஸ்லாண்ட் நடனக்கூடத்துக்குப் போனார்கள்.

ரோஸ்லாண்ட் எப்படிப்பட்ட இடம்?

பிராட்வேயும் 51ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த பெரிய நடனக்கூடம். உள்ளே ஆட வருபவர்கள் வெள்ளையர் மட்டும். மேடையில் கறுப்பினத்தவர் வாசிக்கலாம், தளத்தில் இறங்கி ஆட முடியாது. இந்த அநீதிக்கு நடுவில் நின்றுதான் நாம் இன்று கொண்டாடும் இசையை அவர்கள் உருவாக்கினார்கள்.

இரண்டு பேண்டுகள் மாறி மாறி வாசிக்கும். ஒன்று ஓய்ந்தால் அடுத்தது தொடங்கும், ஆட்டம் நிற்கக் கூடாது. எதிர்மேடையில் பெரும்பாலும் வெள்ளையர் பேண்ட். ஒரு பேண்டை ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டம் எதிரிலேயே ஆடிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டாயம்தான் ஹெண்டர்சனின் ஆட்களைக் கூர்மையாக்கியது என்று நினைக்கிறேன்.

அரேஞ்ச்மென்ட் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அது என்ன?

ஹெண்டர்சனைப் பற்றிய பேச்சில் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸில் ஐந்தாறு பேர்தான். கார்னெட் மெட்டை எடுக்கும், கிளாரினெட் மேலே சுற்றிப் பின்னும், டிராம்போன் கீழிருந்து தாங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில், காதால் கேட்டு, மனதிலிருந்து வாசிப்பார்கள். ஆட்கள் பத்துப் பன்னிரண்டு ஆகும்போது இதையே செய்தால் சந்தைக்கடை ஆகிவிடும். யார் எப்போது வாசிப்பது, யார் எப்போது சும்மா இருப்பது என்று தாளில் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த எழுத்துதான் அரேஞ்ச்மென்ட்.

அச்சிட்ட அரேஞ்ச்மென்ட்கள் கடையிலேயே கிடைத்தன. எல்லா நடன பேண்டுகளும் அவற்றை வாங்கி அப்படியே வாசித்தன. ஹெண்டர்சனிடம் இருந்த சாக்ஸஃபோன்காரர் டான் ரெட்மன் அவற்றைப் பிரித்து மேய்ந்தார். சாக்ஸஃபோன், கிளாரினெட் வகையறா ஒரு கட்சி, டிரம்பெட்டும் டிராம்போனும் இன்னொரு கட்சி. ஒரு கட்சி ஒரு வரியைச் சொல்லும், மற்றது பதில் சொல்லும். இடையில் ஒருவர் எழுந்து நின்று தன் மனம்போல வாசிப்பார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள் சின்னச் சின்னத் துணுக்குகளைத் தூவுவார்கள். மூன்று கிளாரினெட்கள் ஒன்றாக உயரத்தில் இழையும் இடங்கள் ரெட்மனுக்கு மிகவும் பிடித்தவை, அந்தக் காலப் பதிவுகளில் அவற்றை நிறையவே கேட்கலாம்.

கறுப்பினத் தேவாலயங்களில் போதகர் ஒரு வரி சொல்ல, சபை திருப்பிச் சொல்லும். அந்தப் பழக்கத்தை ரெட்மனும் ஹெண்டர்சனும் தாளில் ஏற்றிப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டார்கள். பின்னால் ஸ்விங் என்று உலகம் ஆடியதற்கு அடித்தளம் இதுதான். அவர்கள் இருவர் மட்டுமே இதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. எலிங்டன் தன் வழியில் போய்க்கொண்டிருந்தார், கான்சாஸ் சிட்டியில் பென்னி மோட்டன் இருந்தார். ஆனாலும் நியூயார்க்கில் மற்றவர்கள் காது கொடுத்துப் படித்த பாடப்புத்தகம் ஹெண்டர்சன் பேண்ட்தான்.

ஆம்ஸ்ட்ராங் எப்போது வந்தார்? என்ன மாறியது?

1924 இலையுதிர் காலத்தில் சிகாகோவிலிருந்து வந்து, 1925 நவம்பர் வரை இருந்தார். ஓராண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

வந்த புதிதில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை: இசைத்தாளில் 'பிபி' (pp, மிக மெல்ல) என்று எழுதிய இடத்தில் எல்லோரும் சத்தத்தைக் குறைத்து மெல்ல வாசிக்க, ஆம்ஸ்ட்ராங் மட்டும் முழு பலத்தோடு ஊதினாராம். ஏன் என்று கேட்டதற்கு, 'பவுண்ட் பிளென்டி', அதாவது நன்றாகப் போட்டுத் தாக்கு என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன் என்றாராம். பட்டணத்துப் படிப்பும் தெற்கிலிருந்து வந்த துணிச்சலும் முதல்முறை சந்தித்த விதத்தை இந்தக் கதை நன்றாகக் காட்டுகிறது.

வித்தியாசத்தை நீங்களே காதால் கேட்கலாம். 1924 அக்டோபரில் பதிவான 'கோபன்ஹேகன்' தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் துள்ளிக் குதித்துக்கொண்டு போகிறது, தாளம் கொஞ்சம் விறைப்பு. ஆம்ஸ்ட்ராங் எழுந்ததும் காலம் தளர்கிறது. ஒரு சுரத்தைக் கொஞ்சம் பிந்தி வைக்கிறார், அடுத்ததை முந்தி எடுக்கிறார். அவர் உட்கார்ந்ததும் பேண்ட் திரும்பப் பழைய விறைப்புக்கு வந்துவிடுகிறது.

ஏழு மாதம் கழித்து, 1925 மே 29 அன்று பதிவான 'ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்' கேளுங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் குரு கிங் ஆலிவரின் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' தான் இது, ரெட்மன் புது உடை தைத்துப் போட்டிருக்கிறார். ஆலிவரின் புகழ்பெற்ற தனி வாசிப்பை ஆம்ஸ்ட்ராங் குருவுக்கு வணக்கம் சொல்வதுபோல் வாசிக்கிறார். இப்போது பேண்டும் கூடவே ஓடுகிறது. ஒரே ஆளிடமிருந்து பேண்ட் முழுதும் கற்றுக்கொண்டது அந்தத் தட்டில் பதிந்திருக்கிறது. அதிகம் கற்றவர் டெனர் சாக்ஸஃபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ். 1924இல் அவர் வாசிப்பது வாத்தை நினைவூட்டும், 1926இல் 'தி ஸ்டாம்பீட்' தட்டில் அது சிங்கத்தின் குரல்.

அப்படியென்றால் ஆம்ஸ்ட்ராங் ஏன் விலகினார்?

சிகாகோவில் மனைவி லில் ஹார்டின் நல்ல சம்பளத்தோடு வேலை ஏற்பாடு செய்து காத்திருந்தார். இன்னொரு காரணம், அவருக்குப் பாட ஆசை. ஹெண்டர்சன் அதற்கு அதிகம் இடம் கொடுக்கவில்லை. 1924 நவம்பரில் பதிவான 'எவ்ரிபடி லவ்ஸ் மை பேபி' தட்டின் ஒரு டேக்கில், கடைசியில் ஆம்ஸ்ட்ராங் சில சொற்களை உற்சாகமாகக் கூவுவது கேட்கும். தட்டில் ஏறிய அவருடைய முதல் குரல் அதுதான். ஹெண்டர்சன் தவறவிட்டவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது.

ஒரே பேண்டுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் போய் வாசித்துப் பணம் வாங்கிக்கொள்வது வழக்கம். ஒப்பந்தச் சிக்கல் வராமல் இருக்கப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஹார்மனி என்ற மலிவு விலைத் தட்டுகளில் இவர்கள் 'தி டிக்ஸி ஸ்டாம்பர்ஸ்'. வேறு சில தட்டுகளில் 'லூசியானா ஸ்டாம்பர்ஸ்'. 1931 வாக்கில் ஹார்லெமின் கானிஸ் இன் விடுதியில் வாசித்தபோது 'கானிஸ் இன் ஆர்கெஸ்ட்ரா'. கொலம்பியா, வோகாலியன், பாத்தே, விக்டர், டெக்கா என்று கம்பெனிகளின் பட்டியலும் நீளம். பழைய தட்டு கையில் கிடைத்து இந்தப் பெயர்கள் இருந்தால் உள்ளே ஹெண்டர்சன் இருக்கிறார் என்று பாருங்கள்.

இது தவிரப் பாடகிகளுக்குப் பின்னால் அவர் வாசித்த தட்டுகள் தனிக் குவியல். மா ரெய்னி 1924இல் பாடிய 'சீ சீ ரைடர்' பதிவில் ஹெண்டர்சன், ஆம்ஸ்ட்ராங் இருவரும் உண்டு. பெஸ்ஸி ஸ்மித்தின் 'யங் வுமன்ஸ் ப்ளூஸ்' பதிவில் ஜோ ஸ்மித்தின் கார்னெட், பஸ்டர் பெய்லியின் கிளாரினெட், இவருடைய பியானோ மூன்றும் பாடகியின் வரிகளுக்கு நடுவில் பதில் பேசும்.

பியானோ கலைஞராக அவர் எப்படி?

அடக்கமானவர். பாடுபவருக்கு வழிவிடுவார், தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார். 1926இல் 'தி ஹெண்டர்சன் ஸ்டாம்ப்' பதிவின்போது ஃபேட்ஸ் வாலரை உட்கார வைத்துத் தன் பெயர் கொண்ட தட்டிலேயே பியானோவை அவரிடம் விட்டார்.

தட்டுகளைக் கேட்டால் அந்த பேண்ட் எப்படி இருந்தது என்று முழுதாகத் தெரியுமா?

தெரியாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ரோஸ்லாண்டில் இரவு முழுக்க ஸ்டாம்ப் (காலைத் தட்டி ஆடும் துள்ளல் மெட்டு) மட்டும் வாசித்தால் ஆடுபவர்கள் தாங்க மாட்டார்கள். வால்ட்ஸ், டாங்கோ, மெதுவான காதல் மெட்டுகள் என்று எல்லாம் வேண்டும். இவர்கள் வால்ட்ஸ் வாசிப்பதில் பெயர் பெற்றவர்கள், பேண்டில் இருந்த ரெக்ஸ் ஸ்டூவர்ட் போன்றவர்கள் இதைப் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆனால் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குக் கறுப்பின பேண்ட் என்றால் சூடான ஜாஸும் ப்ளூஸும் மட்டுமே வேண்டும். வால்ட்ஸ் பதிவெல்லாம் வெள்ளையர் பேண்டுகளுக்குப் போனது. அதனால் ஹெண்டர்சனின் வால்ட்ஸ் நமக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு மனிதரின் பாதிப் பேச்சை மட்டும் பதிவு செய்துவிட்டு, அவர் இப்படித்தான் பேசுவார் என்று முடிவு கட்டுவது போன்ற நிலை இது. 'வெறும் நடன பேண்ட்' என்று யாராவது குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பலவிதமான மெட்டுகளுக்கு விடிய விடிய மக்களை ஆட வைப்பது எளிய கலையா என்ன?

இன்னொன்று, பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். நடனக்கூடத்தில் கூட்டம் சூடேறினால் அதே பாட்டை நீட்டிக்கொண்டே போவார்கள், வாத்தியக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுவார்கள். நமக்குக் கிடைப்பது அதன் சுருக்கம்.

யாரிடமாவது தோற்றிருக்கிறார்களா?

1926 அக்டோபரில் ரோஸ்லாண்டில் ஜீன் கோல்ட்கெட் என்பவரின் வெள்ளையர் பேண்ட் எதிர்மேடைக்கு வந்தது. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வந்த கிராமத்துப் பையன்கள்தானே என்று நினைத்திருந்தார்கள். பிக்ஸ் பைடர்பெக்கின் கார்னெட்டும் பில் சாலிஸ் எழுதிய அரேஞ்ச்மென்ட்களும் இவர்களைத் திகைக்க வைத்தன. தோற்றுப்போனோம் என்று ரெக்ஸ் ஸ்டூவர்ட் பின்னாளில் எழுதினார். 1931இல் ஹெண்டர்சன் பேண்ட் 'சிங்கிங் தி ப்ளூஸ்' பதிவு செய்தபோது, பிக்ஸின் புகழ்பெற்ற தனி வாசிப்பை ஸ்டூவர்ட் அன்போடு திரும்ப வாசித்தார். பிக்ஸ் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

ரெட்மன் போன பிறகு?

1927இல் ரெட்மன் வேறு பேண்டை நடத்தப் போனார். 1928 கோடையில் ஹெண்டர்சன் கார் விபத்தில் சிக்கினார். அதற்குப் பிறகு அவர் பழையபடி இல்லை, தொழிலில் அக்கறை போய்விட்டது என்று மனைவி லியோரா சொல்லியிருக்கிறார். லியோராவும் டிரம்பெட் வாசித்தவர், பேண்டை உள்ளிருந்து பார்த்தவர், அவர் சொல்லைத் தள்ள முடியாது. ஆனால் எல்லாவற்றையும் அந்த விபத்தின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1929இல் நடந்ததைப் பாருங்கள். பிராட்வேக்காக வின்சென்ட் யூமன்ஸ் தயாரித்த 'கிரேட் டே' இசை நாடகத்துக்கு ஹெண்டர்சன் பேண்டை அமர்த்தினார்கள். ஒத்திகையின்போதே இவருடைய ஆட்களை ஒவ்வொருவராக நீக்கிவிட்டு வெள்ளையர்களை உட்கார வைத்தார்கள். ஹெண்டர்சன் எதிர்த்துப் பேசவில்லை. மனம் வெறுத்துப் பலர் அவரை விட்டுப் போனார்கள், பேண்டே கலைந்து பிறகு திரும்பக் கூட்ட வேண்டியதாயிற்று. மென்மை அவருடைய அழகு, ஆனால் தன் ஆட்களுக்காகக் குரல் உயர்த்த வேண்டிய இடத்திலும் அவர் மென்மையாகவே இருந்துவிட்டார்.

ஒழுங்கு இல்லாத பேண்ட் என்கிறார்களே?

உண்மைதான். நேரத்துக்கு வருவது, சுருதி சேர்ப்பது எல்லாவற்றிலும் அசட்டை இருந்தது. 1932 டிசம்பரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் ஏற்பாடு செய்த பதிவுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்து சேர்ந்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் மூன்று பாட்டுகளை முடித்தார்கள். அதில் ஒன்று 'நியூ கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'. அவசரத்தில் செய்த தட்டு அது என்று கேட்பவர் யாரும் சொல்ல முடியாது.

'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' ஏன் இவ்வளவு முக்கியம்?

ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோவுக்காக அமைத்த மெட்டு இது. ஹெண்டர்சன் பேண்ட் இதை 1928, 1932, 1933 என்று மூன்று முறை பதிவு செய்தது. மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். முதலில் டியூபா கீழே உறுமுகிறது, பாஞ்சோ கடகடக்கிறது. பிறகு டியூபாவின் இடத்தில் தந்திகள் கொண்ட பாஸ், பாஞ்சோவின் இடத்தில் கிட்டார். அந்த ஆண்டுகளில் பேண்டில் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் ஹாலிடே, பாடகி பில்லி ஹாலிடேயின் அப்பா. தாளம் இறுக்கத்திலிருந்து மிதப்புக்கு மாறுகிறது. கடைசிப் பகுதியில் டிரம்பெட்டும் டிராம்போனும் ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல, சாக்ஸஃபோன்கள் பதில் சொல்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் இன்னும் கொஞ்சம் எம்பியிருக்கும் என்று தோன்றும்.

இது முதலில் தாளில் எழுதிய அரேஞ்ச்மென்ட் கூட இல்லை, இரவு இரவாக வாசித்து வாசித்துப் பேண்டுக்குள்ளேயே ஊறிய ஒன்று. அதை ஹெண்டர்சன் பிறகு எழுதி வைத்தார். 1930களில்தான் அவர் தானே முழுமூச்சாக எழுதத் தொடங்கினார். 1934இல் டெக்காவுக்குப் பதிவு செய்த 'ராப்பிங் இட் அப்', 'டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்' இரண்டும் மெட்டும் அமைப்பும் அவருடையவை. ஒரு சொல் கூட அதிகம் இல்லாத உரைநடை போல இருக்கும். கையில் பேனா எடுக்க ஏன் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்று ஏக்கமாக இருக்கும்.

பென்னி குட்மேன் அவருடைய இசையைத் திருடினாரா?

இல்லை, வெள்ளையர் பேண்ட் ஒன்றின் தலைவரான அவர் காசு கொடுத்து வாங்கினார், யாருடையது என்று வெளிப்படையாகச் சொன்னார். 1934 இறுதியில் சம்பளம் கிடைக்காமல் ஹெண்டர்சனின் ஆட்கள் விலகி, பேண்ட் கலைந்தது. அதே சமயம் 'லெட்ஸ் டான்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சிக்குக் குட்மேனுக்கு வாரா வாரம் புதிய அரேஞ்ச்மென்ட்கள் தேவைப்பட்டன. ஹெண்டர்சன் தன் பழையவற்றை விற்றார், புதிதாகவும் எழுதித் தந்தார். 1935 ஜூலை 1 அன்று குட்மேன் 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' பதிவு செய்தார். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸின் பாலோமர் நடனக்கூடத்தில் இந்த அரேஞ்ச்மென்ட்களை எடுத்து வாசித்ததும் இளைஞர்கள் மேடையைச் சூழ்ந்தார்கள். ஸ்விங் காலம் அன்றைக்குத்தான் பிறந்தது என்று சொல்வார்கள்.

குட்மேன் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே தாள்களை வைத்துக்கொண்டு அவர் நாடு முழுக்கக் கேட்கும் வானொலியில் வாசித்தார், எழுதியவரின் பேண்டுக்கு அந்த வாசல்கள் திறக்கவில்லை. நிறம்தான் வித்தியாசம் என்பதை மறைத்துப் பேசக் கூடாது.

ஹெண்டர்சன் பேண்டில் இருந்து போனவர்கள் யார் யார்?

பட்டியல் போட்டால் பாதி ஜாஸ் வரலாறு வந்துவிடும். பென்னி கார்ட்டர், ராய் எல்ட்ரிட்ஜ், பென் வெப்ஸ்டர், சூ பெர்ரி, ரெட் ஆலன் எல்லோரும் இருந்திருக்கிறார்கள். பத்தாண்டு இருந்த ஹாக்கின்ஸ் 1934இல் இங்கிலாந்து போனதும் அந்த நாற்காலிக்கு லெஸ்டர் யங் வந்தார். இலேசான, காற்றுப் போன்ற தொனி அவருக்கு. ஹாக்கின்ஸ் போல் வாசிக்கவில்லை என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். லியோரா காலையில் அவரை எழுப்பி ஹாக்கின்ஸ் தட்டுகளைப் போட்டுக் காட்டுவாராம். சில மாதங்களில் யங் கிளம்பிவிட்டார். பிற்காலத்தில் ஆர்ட் பிளேக்கியும், 1940களில் சிகாகோவில் சன் ராவும் ஹெண்டர்சனிடம் வேலை பார்த்தவர்கள்தான்.

பிற்காலம்?

1936இல் சிகாகோவில் கிராண்ட் டெரஸ் விடுதியில் புதிய பேண்டோடு வாசித்தார். அப்போது பதிவான 'கிறிஸ்டோபர் கொலம்பஸ்' நன்றாக விற்றது. 1939இல் பேண்டைக் கலைத்துவிட்டு, குட்மேன் குழுவில் பியானோ வாசிப்பவராகவும் எழுதித் தருபவராகவும் சேர்ந்தார். திரும்பவும் சொந்த பேண்ட், திரும்பவும் பயணம். 1950 டிசம்பரில் நியூயார்க்கில் ஆறு பேர் கொண்ட குழுவோடு வாசித்துவந்தபோது பக்கவாதம் தாக்கியது. அதற்குப் பிறகு அவரால் வாசிக்க முடியவில்லை. 1952 டிசம்பர் இறுதியில் இறந்தார், வயது 55. உடலைக் கத்பர்ட்டுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

1961இல் கொலம்பியா நிறுவனம் ஹேமண்டின் தொகுப்பில் நான்கு நீளத்தட்டுகளாக அவருடைய பதிவுகளை வெளியிட்டது. விரக்தியின் ஓர் ஆய்வு என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்கள். தொகுப்பு அருமை, தலைப்பு எனக்கு ஒப்புதல் இல்லை. 'தி ஸ்டாம்பீட்' கேட்கும்போது விரக்தியா கேட்கிறது? வியர்க்க வியர்க்க மகிழ்ந்து வாசிக்கும் மனிதர்கள்தான் கேட்கிறார்கள்.

பழைய பதிவுகள் இரைச்சலாக இருக்கின்றன. என்ன செய்வது?

1925 வரை மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் முன்னால் நெருக்கி நின்று வாசிப்பார்கள், அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். டிரம்ஸை முழுதாக அடித்தால் ஊசி துள்ளிவிடும், அதனால் மரக்கட்டையும் தட்டுத்தாளமும்தான் கேட்கும். அதை வைத்து டிரம்ஸ்காரர் கைசர் மார்ஷலை எடை போடாதீர்கள். அதன்பின் மின் ஒலிப்பதிவு வந்தது, ஆனால் ஹார்மனியின் மலிவுத் தட்டுகள் 1920களின் இறுதி வரை கூம்பிலேயே ஓடின. 'டிக்ஸி ஸ்டாம்பர்ஸ்' பதிவுகளும் அதே ஆண்டுகளின் கொலம்பியா பதிவுகளும் வேறு வேறு பேண்ட் போலக் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஸ்பீக்கரில் கேட்பதைவிட முதலில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டாம் முறை காது இரைச்சலைத் தானே ஒதுக்கிவிடும்.

எங்கே கேட்கலாம்? சட்டச் சிக்கல் உண்டா?

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய தட்டுகள் நிறைய இருக்கின்றன. யார் வாசித்தார்கள், எந்த நாள் பதிவு என்று பார்க்க, சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஒலிப்பதிவுப் பட்டியல் தளம் உதவும். அமெரிக்கச் சட்டப்படி 1925 வரை வெளியான ஒலிப்பதிவுகள் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை, ஆண்டுக்கு ஒன்றாக அடுத்தவையும் வரும். இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள உரிமை தனி என்பதை மறக்க வேண்டாம்.

எதில் தொடங்குவது?

மூன்று தட்டு போதும், பத்து நிமிடம். 'ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்' 1925, 'தி ஸ்டாம்பீட்' 1926, 'ராப்பிங் இட் அப்' 1934. பிடித்திருந்தால் மெதுவான ஒன்று: 1933இல் பதிவான 'இட்ஸ் தி டாக் ஆஃப் தி டவுன்'. ஹாக்கின்ஸ் தனியாக நின்று வாசிக்கும் அந்தப் பகுதியில் ரோஸ்லாண்டின் மெதுவான ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் ஊகிக்கலாம். அதற்கு அப்புறம் 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' மூன்றையும், நான்காவதாகக் குட்மேனுடையதையும் போடுங்கள். நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்பது நல்லது.